வேலை போனால் கம்பெனி இன்சூரன்ஸ் எந்தத் தேதியோடு போகும்? ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு என்ன வழி?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் ஆறு வருஷ வேலை. புராஜெக்ட் இல்லை என்று டீமையே கலைத்துவிட்டார்கள், இந்த மாதக் கடைசி வேலைநாளோடு சரி. கம்பெனியின் குரூப் பாலிசியில் அவர், மனைவி, குழந்தை, ஊரில் இருக்கும் அப்பா, அம்மா எல்லாரும் 5 லட்சம் ரூபாய்க்கு இருக்கிறார்கள். அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, சில மாதங்களுக்கு முன்புதான் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 61, ஒரு கண்ணில் புரை. "வேலை போன மறுநாள் நாங்கள் எல்லாரும் இன்சூரன்ஸ் இல்லாமல் நிற்போமா? அப்பாவுக்கு இனி யார் பாலிசி தருவார்கள்?" இதுதான் கேள்வி.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்களைப் போல இன்னும் பல வீடுகளில் இதே கவலை ஓடிக்கொண்டிருக்கிறது.

தம்பி, முதலில் தேதி. குரூப் பாலிசி உங்கள் முதலாளிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம். நீங்கள் அதில் ஒரு பெயர், அவ்வளவுதான். கார்டில் அடுத்த மார்ச் வரை என்று அச்சாகியிருக்கலாம். ஆனால் நீங்கள் ரிலீவ் ஆனதும் ஹெச்.ஆர். உங்கள் பெயரை நீக்கச் சொல்லி லிஸ்ட் அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான பாலிசிகளில் கடைசி வேலைநாளோடு பாதுகாப்பு முடிகிறது. உங்கள் பெயர் போனால் உங்களை ஒட்டி இருக்கும் நாலு பெயரும் சேர்ந்தே போகும். இரண்டு மாத நோட்டீஸ் சம்பளத்தைக் கையில் கொடுத்து உடனே அனுப்புகிறார்கள் என்றால், அந்த இரண்டு மாதத்துக்கும் இன்சூரன்ஸ் இருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் தேதியோடு முடிகிறது என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்குங்கள்.

கவுன்டரில் இது எப்படி வந்து நிற்கும் என்று சொல்கிறேன். நெஞ்சுவலி என்று பெரியவரை எமர்ஜென்சியில் சேர்த்துவிட்டு, கூட வந்த மருமகள் செல்போனில் இருக்கும் இ-கார்டைக் காட்டுவார். பெயர், வயது, பாலிசி முடியும் தேதி எல்லாம் சரியாக இருக்கும். நாங்கள் ப்ரீ-ஆத் என்கிற முன் அனுமதி ஃபாரத்தை நிரப்பி, இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளைம் பார்க்கும் டி.பி.ஏ. நிறுவனத்துக்கு அனுப்புவோம். கொஞ்ச நேரத்தில் 'இந்த உறுப்பினர் பாலிசியில் இல்லை' என்று ஒரு வரி பதில் வரும். சென்னையில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டால், "வேலை போனதை வீட்ல சொல்லல சார்" என்று குரல் இறங்கிவிடும். அப்புறம் அந்தக் குடும்பம் நகைக்கடனுக்கு ஓடும். வேலை போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2008-இலும் 2020-இலும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த எத்தனையோ பேருக்கு இது நடந்தது, இப்போதும் நடக்கிறது. ஆனால் வீட்டுக்குச் சொல்லாமல் இருந்தால், அவர்கள் செல்லாத கார்டை நம்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள். அதனால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ஆபீஸ் லாகின் வேலை செய்யும்போதே எடுத்துவைக்க வேண்டியவை. கடைசி நாள் மாலை லேப்டாப்பை வாங்கிக்கொண்டால் மெயிலும் போர்ட்டலும் அத்தோடு மூடிவிடும். ஐந்து பேரின் இ-கார்டு, குரூப் பாலிசி எண், உங்கள் உறுப்பினர் எண், ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் பாலிசியில் சேர்க்கப்பட்டார்கள் என்ற விவரம், அப்பாவின் ஸ்டென்ட் கிளைம் தீர்த்த கடிதம், இவை எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். இதுவரை கிளைம் போடாத பில்கள் இருந்தால் இப்போதே போடுங்கள். கடைசி நாளுக்கு முன் நடந்த சிகிச்சைக்கு அப்புறமும் பணம் கேட்க உரிமை உண்டு. ஆனால் பில் அனுப்பக் கெடு இருக்கும், போர்ட்டல் இல்லாமல் அதை அனுப்புவது பெரும் அலைச்சல்.

அம்மாவின் கண்ணை இந்த மாதத்துக்குள்ளேயே பாருங்கள். புரை ஆபரேஷன் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிற காரியம். வெளியில் புதுப் பாலிசி எடுத்தால் புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பொதுவாக இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். குரூப் பாலிசிகள் பலவற்றில் அந்தக் காத்திருப்பு கிடையாது. டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்று எழுதியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். போகிற நேரத்தில் கம்பெனி தலையில் கட்டுகிறோமே என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கடைசி நாள்வரை அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான். செட்டில்மென்ட் பேசும்போது, பாலிசி வருஷம் முடியும்வரை பெற்றோரையாவது பாலிசியில் வைத்திருக்க முடியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாது, சில கம்பெனிகள் கேட்டால் செய்கின்றன.

இனிதான் முக்கியமான விஷயம். நீங்கள் இழக்கப்போவதில் பெரியது அந்த 5 லட்ச ரூபாய் கவர் இல்லை. ஆறு வருஷமாகக் கழித்த காத்திருப்புக் காலம்தான் பெரியது. சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு போல ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, புதிதாக எடுக்கும் தனிப் பாலிசியில் அதிகபட்சம் 36 மாதம்வரை கிளைம் தரமாட்டார்கள். முன்பு இது 48 மாதமாக இருந்தது, 2024-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்தது. அப்பாவுக்கு இந்த மூன்று வருஷத்தில்தான் மறுபடி ஏதாவது வரக்கூடும். அந்த நேரத்தில் கிளைம் கிடைக்காத பாலிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. குரூப் பாலிசியிலிருந்து வெளியேறுகிறவரும் அவர் குடும்பத்தாரும் அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி இடம் கொடுக்கிறது. இதை மைக்ரேஷன் என்கிறார்கள். நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பறித்து வயலில் நடுவதைப் போலத்தான். வளர்ந்த நாட்கள் வீணாகாது, புதிதாக விதை தெளித்து முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதில்லை. குரூப் பாலிசியில் அப்பா இருந்த காலம் புதுப் பாலிசியின் காத்திருப்புக் கணக்கில் கழியும். அவர் மூன்று வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இருந்திருந்தால் அந்த 36 மாதம் தீர்ந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய தொகை அளவுக்குத்தான் இது செல்லும். இப்போது 5 லட்சம் இருக்கிறது, புதிதாக 10 லட்சத்துக்கு எடுக்கிறீர்கள் என்றால் கூடுதலான 5 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து ஓடும். அப்பாவை எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்ற விவரத்தை எடுத்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான். நீங்கள் ஆறு வருஷம் வேலை பார்த்திருந்தாலும் பெற்றோரை நடுவில் சேர்த்திருக்கலாம் அல்லவா?

விண்ணப்பத்தை முடிந்தால் 30 நாளைக்கு முன்பே கொடுக்க வேண்டும். வேலை பறிபோகும்போது அவ்வளவு அவகாசம் கிடைக்காது. அதனால் நாளைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, டி.பி.ஏ.வுக்கு இல்லை, கம்பெனிக்கே மெயில் போடுங்கள். "இன்ன தேதியில் குரூப் பாலிசியிலிருந்து வெளியேறுகிறேன், நானும் குடும்பத்தாரும் தனிப் பாலிசிக்கு மைக்ரேட் ஆக விரும்புகிறோம்" என்று எழுதினால் போதும். கடைசி நாளுக்கு முன் அந்த மெயில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாலிசி கைக்கு வருவது கொஞ்சம் தாமதமானாலும், கேட்ட தேதிக்கு உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஊரில் தெரிந்த ஏஜென்டிடம் போனால், அவர் நல்ல எண்ணத்தோடேயே ஒரு புதுப் பாலிசியைப் போட்டுக் கொடுத்துவிடுவார். பிரீமியம் ஒன்றுபோலவே தெரியும், கார்டும் வரும். ஆனால் காத்திருப்பு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் அது தெரியவரும். பாலிசி கைக்கு வந்ததும் அட்டவணைப் பக்கத்தைப் புரட்டி, முந்தைய பாலிசி விவரமும் முதலில் சேர்ந்த தேதியும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே எழுதித் திருத்துங்கள். பாலிசி கிடைத்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு.

இன்னொன்றையும் உள்ளபடி சொல்ல வேண்டும். குரூப்பிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறும்போது இன்சூரன்ஸ் கம்பெனி உடல்நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. கேட்பார்கள், பிரீமியத்தைக் கூட்டலாம், அப்பா விஷயத்தில் தயங்கவும் செய்யலாம். அதனால் ஐந்து பேரையும் ஒரே பாலிசியில் போடாதீர்கள். குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகையாக எடுக்கும் ஃப்ளோட்டர் பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் கணக்கிடுவார்கள். உங்களுக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் ஒன்று, பெற்றோருக்குத் தனியாக ஒன்று. அப்பாவின் விண்ணப்பம் இழுத்தடித்தாலும் உங்கள் மூவருடையது நிற்காது. அப்பாவுக்குத் தர முடியாது என்றால் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். போனில் சொல்லும் 'முடியாது' எதற்கும் உதவாது.

சர்க்கரையையும் ஸ்டென்ட்டையும் மறைத்துப் பாலிசி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய எதையும் மறைத்தீர்கள் என்று சொல்லிக் கிளைமை மறுக்க முடியாது என்பது விதி. அதை வைத்துக்கொண்டு, ஐந்து வருஷம் ஓட்டிவிட்டால் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஐந்து வருஷத்தில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வெளியே வரும். கிளைமும் போகும், பாலிசியும் போகும்.

மைக்ரேஷன் கைகூடவில்லை என்றால் ஆரோக்கிய சஞ்சீவனியைப் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து உள்ள பொதுப் பாலிசி இது, எல்லாக் கம்பெனியிலும் விதிகள் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு கிளைமிலும் 5 சதவீதம் நம் கையிலிருந்து. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதுவும் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. தஞ்சாவூர், கும்பகோணத்தில் சாதாரண அறைக்கு அந்த வரம்பு போதும். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி அறையை மனதில் வைத்துப் பார்த்தால்தான் குறைவாகத் தெரியும். 65 வயதுக்கு மேல் தர முடியாது என்ற பழைய பேச்சு இப்போது விதியில் இல்லை. 2024-இல் வயது உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி தயக்கம் இருக்கிறது. இரண்டு மூன்று இடத்தில் விண்ணப்பியுங்கள்.

பிரீமியம் பற்றி: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற வேண்டுமானால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்துகொண்டுதான் ஏற்ற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. சம்பளம் நின்ற வீட்டில் வருஷப் பிரீமியத்தை ஒரே மூச்சில் கட்டுவது கஷ்டம். மாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கட்டினால் கெடு தாண்டி 30 நாள் அவகாசம் உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள்தான். நிலம் உள்ள வீட்டில் சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையப் பணம் கணக்கில் ஏறுவது தை, மாசியில். நடவுக்கும் உரத்துக்கும் கை கடிக்கிற ஐப்பசியில் பிரீமியக் கெடு விழுந்தால், அதைக் கட்டாமல் விட்டுவிடும் வீடுகள் உண்டு. முடிந்தால் அடுத்த வருஷத்துக்கான பணத்தை அறுப்புப் பணத்திலேயே எடுத்துத் தனியாக வையுங்கள்.

இனி அரசுக் காப்பீடு. டெல்டாவில் இதைப் பற்றி ஒரு தயக்கம் இருக்கிறது, அதனால் நஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "நமக்கு எதுக்கு அந்தக் கார்டு, பையன்தான் சென்னையில சம்பாதிக்கிறானே" என்று பெரியவர்கள் வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை. வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்தது, பிறகு 1,20,000 ஆக உயர்த்தினார்கள். தனிப் பாலிசியில் கேட்கும் காத்திருப்புக் காலம் இங்கே இல்லை. சர்க்கரை இருக்கிறதா, ஸ்டென்ட் வைத்ததா என்று பார்த்துக் கார்டு தர மறுக்கும் பேச்சே கிடையாது. ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ், புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ் எல்லாம் இதில் வரும். அரசு ஆஸ்பத்திரி மட்டுமில்லை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும்.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது ரேஷன் கார்டு. அப்பா அம்மா பாபநாசத்தில் தனிக் கார்டில் இருக்கிறார்களா? உங்கள் பெயர் அதிலிருந்து நீக்கப்பட்டு, மனைவி குழந்தையோடு உங்களுக்கு வேறு கார்டு இருக்கிறதா? அப்படியென்றால் அவர்கள் தனிக் குடும்பம், அவர்களின் வருமானம்தான் கணக்கு. ஒன்றிரண்டு ஏக்கர் நிலத்தில் செலவு போக நிற்பதை வைத்து 1,20,000-க்குள் வந்தால் உங்கள் வேலை இருந்தபோதேகூட அவர்கள் இதற்குத் தகுதியானவர்கள்தான். சிக்கல் எங்கே வரும் என்றால், பையன் சென்னைக்குப் போய் வருஷக்கணக்காகியும் ஊர்க் கார்டில் பெயர் அப்படியே இருக்கும். வி.ஏ.ஓ. வருமானச் சான்று எழுத உட்காரும்போது "பையன் ஐ.டி.யில இருக்காப்லல்ல?" என்பார். அவர் கேட்பது நியாயம்தான். பெயரை நீக்கிப் புதுக் கார்டு வாங்குவதை இப்போதே தொடங்கிவிடுங்கள், அதற்கு நாள் பிடிக்கும். உங்களுடைய நிலைமை வேறு. போன மாதம்வரை நல்ல சம்பளம் வாங்கியவருக்கு உடனே இந்த வரம்புக்குள் சான்று கிடைக்காது, பொய்யாக வாங்கவும் வேண்டாம். உங்கள் மூவருக்கும் தனிப் பாலிசி என்று சொன்னது அதனால்தான்.

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென உள்ள மையத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு அலைவதைப் போல் கொடுமை வேறில்லை. எந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி என்பது மாறும். இதயத்துக்கு அனுமதி உள்ள இடத்தில் சிறுநீரகத்துக்கு இல்லாமல் இருக்கலாம். சேர்ப்பதற்கு முன்பே அங்குள்ள திட்ட உதவியாளரிடம் கேளுங்கள். சேர்ந்த பிறகு சிகிச்சைக்குத் தனியாக முன்பணம் கேட்டால் அதே எண்ணுக்குப் போன் போடுங்கள்.

கார்டே இல்லாவிட்டாலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, திருவாரூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 முதல் நாகப்பட்டினத்திலும் ஒன்று வந்துவிட்டது. கும்பகோணத்தில் அரசு தலைமை மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், சரி. ஆனால் நெஞ்சுவலி என்றால் பணம் புரட்டும்வரை வீட்டில் வைத்திருப்பதைவிட 108-ஐ அழைத்து நேரே அங்கே போவது உயிரைக் காக்கும். அம்மாவின் கண் ஆபரேஷன் இந்த மாதம் முடியாமல் போனாலும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். இன்சூரன்ஸ் இல்லாத இடைப்பட்ட நாட்களில் இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லை என்றாலும் இதைப் படிக்கிற வேறு சிலருக்காக. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆனவர்களுக்கு நிலைமை இதைவிட நன்றாகவே இருக்கிறது. பூதலூர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குப் போய்வருகிறவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை நின்ற அன்றே ஈ.எஸ்.ஐ. நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அதில் 78 நாளுக்குக் குறையாமல் பங்களிப்பு இருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள பங்களிப்புக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வருஷம் முழுக்க வேலை பார்த்து ஆகஸ்டில் நின்றவருக்கு, அடுத்த வருஷம் ஜூன் 30 வரை அவருக்கும் குடும்பத்துக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. பட்டறையையே மூடிவிட்டார்கள், ஆட்குறைப்பு செய்தார்கள் என்றால், ராஜீவ் காந்தி பெயரில் 2005 முதல் உள்ள திட்டத்தில், தகுதி இருந்தால் வேலையில்லாப் படியும் அந்தக் காலத்துக்கு மருத்துவமும் கிடைக்கும். 2018-இல் அடல் பெயரில் இன்னொன்று வந்தது. இரண்டு வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வேலை இழந்தவருக்குச் சராசரிக் கூலியில் பாதியை 90 நாள்வரை, வாழ்நாளில் ஒருமுறை தருகிறது. அதன் காலக்கெடுவை அவ்வப்போது நீட்டிக்கிறார்கள், அதனால் கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். "நின்னுட்டோமே, இனி ஈ.எஸ்.ஐ. கார்டு எதுக்கு" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு முதலாளி குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் உள்ள விதி. பெர்மிட் முடிந்து மன்னார்குடி, பட்டுக்கோட்டை திரும்பினால் அது இங்கே உதவாது, வந்த வேகத்தில் இங்கே ஒன்று எடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் கோப்ரா என்று ஒரு சட்டம் உண்டு. இருபது பேருக்குக் குறையாத கம்பெனியில் வேலை போனால் அதே குரூப் பாலிசியைப் பொதுவாக 18 மாதம் தொடரலாம். ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியம், மேலே 2 சதவீதம்வரை, நாமே கட்ட வேண்டும். முடிவெடுக்க 60 நாள் உண்டு. 2009 மந்தத்தின்போது அந்தச் சுமை தாங்காமல் அந்த நாட்டு அரசே 65 சதவீதத்தை ஏற்றது. இப்போது கோப்ரா கட்டுப்படியாகாதவர்கள் அரசின் மார்க்கெட்பிளேஸ் என்ற இன்சூரன்ஸ் தளத்தில், வேலைவழி காப்பீடு போன 60 நாளுக்குள் வேறு பாலிசி எடுக்கலாம். நம் நாட்டில் கோப்ரா மாதிரி கம்பெனி பாலிசியையே தொடரச் சொல்லும் சட்டம் இல்லை. அதனால்தான் மைக்ரேஷனை அவ்வளவு வற்புறுத்திச் சொன்னேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி மைக்ரேஷனுக்குப் பதிலே தராமல் இழுத்தால், முதலில் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். 30 நாளில் தீரவில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை.

கடைசியாக அப்பாவின் மாத்திரை. பையனுக்கு வேலை போச்சு என்று தெரிந்ததும் நம் ஊர்ப் பெரியவர்கள் முதலில் குறைப்பது தங்கள் மருந்தைத்தான். யாரிடமும் சொல்லமாட்டார்கள். இரண்டு வேளை போடுவதை ஒரு வேளையாக்குவார்கள், பட்டை தீர்ந்தாலும் கடைக்குப் போகமாட்டார்கள். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆனவர் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. ஊருக்குப் போகும்போது மாத்திரை டப்பாவைத் திறந்து நீங்களே எண்ணிப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். இதய மாத்திரைக்கு டாக்டர் சீட்டோடு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இதயப் பிரிவில் பதிந்துகொண்டால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ, அதே மருந்து வேறு பெயரில் குறைந்த விலையில் இருக்கிறதா என்று டாக்டர் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.